அளந்து வைத்த தண்ணீர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாலு மாடிக் கடை ஒன்றின் பின்வாசலில் உட்கார்ந்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. துணி மடிக்கிற பெண்ணாக இருந்தாலும் சரி, மேலாளராக இருந்தாலும் சரி, என் மேசையில் பையை வைத்து ஜிப்பை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் தெருவில் கால் வைக்கலாம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அது சும்மா. கனமே இல்லாதவர்களும் என் மேசைக்கு முன்னால் எச்சில் விழுங்குகிறார்கள். நிஜமாக எடுத்தவர்களைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான். மற்றவர்கள் தங்கள் பையைப் பார்ப்பார்கள், எடுத்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை. யாரிடம் குறை என்று ஊர் ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டு, அலுத்துப்போய் விட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் குழாய் வேலைக்காரர். இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் பாதிக்கு மேல் அவர் மாட்டிய குழாய்தான் ஓடுகிறது. எங்கேயாவது விருந்துக்குப் போனால்கூட முதலில் கை கழுவுகிற இடத்தைத்தான் பார்ப்பார். "வாஷர் தேஞ்சிருக்கு" என்று என் காதில் சொல்வார். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருமலில் ஆரம்பித்தது. பிறகு எடை குறைந்தது. படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் புற்றுக்கட்டி என்றார் நுரையீரல் டாக்டரம்மா. வேகமாக வளர்கிற வகை, ஆனால் மருந்து ஏற்றினால் வேகமாகச் சுருங்குகிற வகையும் அதுதான் என்றார்.

"முழுசா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மருந்து கேட்டுச்சுன்னா நல்ல மாசங்கள் கிடைக்கும். நடப்பாரு, பேசுவாரு, சாப்பிடுவாரு. அந்த மாசங்களுக்காகத்தான் இவ்வளவும்."

நல்ல மாதங்கள். அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீட்டுக்கு வந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மருந்து ஏற்ற நாள் குறித்த பிறகு அவர் நடத்தை மாறியது. குறடைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தார். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே, அதற்குப் பெயர் மறந்து, "அந்த மூடி எங்க, மூடி?" என்று வீடெல்லாம் தேடினார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினார். என் புத்தி எங்கே போகும்? குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து, தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்தேன். மருந்து வாடைதான் வந்தது.

மருந்துக்கு முன்னால் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்தது. ரத்தத்தில் உப்பு படுபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக்கூடாதாம், இவருக்கு நூற்றுப் பதினெட்டு. அன்றைக்கே படுக்கையில் போட்டு உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஓரளவு தெளிந்ததும் டாக்டரம்மா இருவருக்கும் சேர்த்து விளக்கினார்.

"இந்தக் கட்டி சும்மா இருக்காது. ஒரு சுரப்ப ரத்தத்துல விடுது. அது சிறுநீரகத்துக்கிட்ட, தண்ணிய வெளிய விடாத, பிடிச்சு வைன்னு சொல்லுது. உள்ள தண்ணி கூடக் கூட உப்பு நீத்துப்போகுது. மூளைக்கு அதுதான் ஆகறதில்ல."

என் வீட்டுக்காரர் யோசித்தார். "அதாவது வெளிய போற குழாய் அடைப்பு. உள்ள வர்ற குழாய் திறந்திருக்கு."

"அதேதான்."

"அப்ப உள்ள வர்றத மூடணும்."

"மூடணும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். பால், சூப்பு எல்லாம் அதுக்குள்ளதான். உப்பு மாத்திரை தர்றேன். உப்பு ஏறினாத்தான் கட்டிக்கான மருந்த ஆரம்பிக்க முடியும். இந்த நிலமையில ஏத்தினா உயிருக்கே ஆபத்து. ஆனா கட்டி நமக்காகக் காத்துக்கிட்டும் இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் அவரே எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். மூளை தெளிவாக இருந்த நாள் அது. "இது கை கழுவுற தொட்டிக்குப் போற வால்வு, இத மூடு. இது ஷவருக்கு, இதையும் மூடிட்டு மேல இருக்கற பிடியக் கழட்டி எடுத்து வச்சிக்க. இல்லாட்டி நான் திறந்திடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். நீல ஜாடி ஒன்றில் முக்கால் லிட்டர் அளந்து ஊற்றி, காலையில் எதுவரை, மதியம் எதுவரை என்று ரப்பர் வளையம் மாட்டினேன். ஜாடி என் கண் பார்வையிலேயே இருந்தது.

பகலில் என் கண் அங்கே இல்லை என்பதுதான் பிரச்சினை. நான் வேலைக்குப் போகாவிட்டால் குடும்பம் ஓடாது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தார், அவருடைய அக்கா. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலேயே தையல் எந்திரம் போட்டுப் பிழைக்கிறவர். தாய் இல்லாமல் போன வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியவர். சமையலறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் நான் போவேன். கொடுக்கும்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதல் வாரமே அவர் கேட்டார். "ஏம்மா, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவனுக்கு உப்பக் குறைன்னு ஊரே சொல்லுது. நீ அள்ளி அள்ளிக் கொட்டுற. தண்ணி கேட்டா நாக்க நனைக்கற அளவுதான் தர்ற. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

"டாக்டர் சொன்னது அண்ணி."

"டாக்டர் சொன்னத நீ சொல்ற. நான் என் காதால கேக்கல."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. சாகப் போகிறவனுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காதவள் என்று மாடிப்படியில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் அதற்கும் நாத்தனார்தான் காரணம் என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் கதவைச் சாத்துகிறவள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

உப்பு மாத்திரையை என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். அடுத்த நாள் வாயையே திறக்கவில்லை. நான் பொடி செய்து சூப்பில் கலந்தேன். ஒரு வாய் குடித்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. நீ இடுற உப்புக்கு ஏழு ஜென்மம் நினைக்கணும்போல."

"கொஞ்சம் கூடிப்போச்சு."

"கூடிப்போச்சா, கூட்டிப்போட்டியா?"

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு எது கொடுத்தாலும் முதலில் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். பத்து வருஷம் காவல் காத்தவளை ஒரு கிண்ணம் சூப்பு குற்றவாளி ஆக்கிவிட்டது.

அடுத்த பரிசோதனையில் உப்பு மறுபடி இறங்கியிருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஏற்றினார்கள். படுக்கைக்கு ஆள் காத்திருந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இங்க இருந்தா ஏறுது. உங்க வீட்டுக்குப் போனா இறங்குது. யாரோ தண்ணி குடுக்கறாங்க."

"நான் அளந்துதான் டாக்டர் குடுக்கறேன்."

"நீங்கதான்னு சொல்லல. இந்த நோய்ல பாசத்துலதான் குடுப்பாங்க. குடுக்கற தண்ணி மூளையில போய் வீங்கும். வலிப்பு வரும். அடுத்த வாரத்துக்குள்ள ஏறலன்னா மருந்துக்கு வேற நாள் குறிக்க முடியுமான்னு எனக்கே சந்தேகம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் நான் பார்க்கிற பார்வை அது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என் பையை மேசையில் கவிழ்த்தது போல இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். நான் கொடுக்கவில்லை. சமையலறைச் சாவி யாரிடம் இருக்கிறது? தம்பி என்று உருகுகிறவர் யார்? உப்பு ஏன், தண்ணீர் ஏன் என்று கேள்வி கேட்டவர் யார்? கடையில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் ஆளைப் பிடித்திருக்கிறேன்.

பொறி வைத்தேன். சமையலறைக் குழாயின் பிடியில் நூல் ஒன்றைச் சுற்றிவிட்டுப் போனேன். மாலையில் நூல் இல்லை. ஆனால் நாத்தனார் சமைத்திருந்தார், பாத்திரம் கழுவியிருந்தார், அதனால் அது சாட்சி ஆகவில்லை. எடை பார்க்கிற எந்திரம் ஒன்று வாங்கிவந்து வீட்டுக்காரரை ஏற்றி நிறுத்தினேன். சரியாகச் சாப்பிடாத மனிதருக்கு எடை கூடியிருந்தது. தண்ணீர் எங்கேயோ உள்ளே போகிறது. அவரிடம் கேட்டேன்.

"யாராவது தண்ணி குடுத்தாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "யாரு குடுப்பா? இந்த வீட்டுல யாரு குடுப்பா?"

அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பி வந்தேன். நான் வந்துவிட்டதால் நாத்தனார் வீட்டுக்குப் போகச் செருப்பு மாட்டினார். தோளில் வழக்கமான துணிப்பை. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பையக் காட்டுங்க அண்ணி."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பையைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தார். அளவு நாடா, கத்திரி, பாதி தைத்த ரவிக்கை, மூக்குக் கண்ணாடிக் கூடு. அதற்கடியில் தண்ணீர்ப் பாட்டில், பாதிக்கு மேல் காலி.

"இது என்ன?"

"எனக்குக் குடிக்க."

"வீட்டுல தண்ணி இல்லையா? சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"அவன் பாத்துக்கிட்டே இருப்பாம்மா. அவன் முன்னாடி எப்படி தம்ளர எடுத்துக் குடிக்கறது? தாகம் எடுத்தா படிக்கட்டுக்கு வந்து குடிச்சிட்டுப் போவேன்."

"இந்த மாதிரிக் கதைய தினம் கேக்கறவ நான்."

அவர் பையை வாங்கிக்கொண்டார். "சம்பளத்துக்குப் பண்ற வேலைய வீட்டுலயும் பண்ற. பண்ணிக்க. நான் வளத்த பிள்ளைக்கு நான் விஷம் வைக்கறேன்னு நினைக்கற. நானும் உன்னைப் பத்தி அதத்தான் நினைச்சேன். ஆனா வாயத் திறந்து சொல்லல பாத்தியா, அதுதான் வித்தியாசம்."

சாவியைச் செருப்பு வைக்கிற பலகைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். உள்ளே படுக்கையிலிருந்து, "அக்கா போயிட்டாளா?" என்று குரல் கேட்டது. போயிட்டாங்க என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கள்ளியைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்திதான் இருந்தது, அதை இப்போது எழுதக் கூசுகிறது.

சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். சமையலறைச் சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. அவருக்குத் துணி துவைத்தேன், ஈரத்துண்டால் முகம் துடைத்தேன், ஜாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தேன். குளியலறைக்கு மட்டும் தனியாகப் போவார். கதவை நான்தான் வெளியிலிருந்து சாத்திவிடுவேன். நோய் ஒரு மனிதரிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறது, இந்த ஒரு மரியாதையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். நாத்தனார் இல்லாத நாட்களின் கணக்கு, ஏறியிருக்கத்தான் வேண்டும். பரிசோதனைக்கூடத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். முந்தியதைவிடக் குறைவு, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். வீட்டில் இரண்டே பேர். நான் கொடுக்கவில்லை.

அப்போது குளியலறைக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் வேறு எதையும் பார்க்கவில்லை, நேராக என் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறார் என்று யோசித்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பின்வாசலில் எவன் அப்படிப் பார்த்தாலும் அந்த நிமிஷமே பையைக் கவிழ்த்திருப்பேன்.

சட்டையின் வலது கை முழங்கை வரை நனைந்திருந்தது.

அவரைத் தாண்டி உள்ளே போனேன். கை கழுவுகிற குழாய் காய்ந்திருந்தது. ஷவருக்குக் கீழே தரை காய்ந்திருந்தது. அலமாரியில் அவருடைய சவரக் குவளை மட்டும் ஈரமாக இருந்தது, அடியில் ஒரு மிடறு தண்ணீரோடு. அவர் சவரம் செய்து மாதமாகிறது, தாடி முகத்தை மூடிக் கிடக்கிறது. நான் தினமும் அந்தத் தாடியைத்தான் துடைத்துவிடுகிறேன், அந்தக் குவளைக்குப் பக்கத்தில்தான் துண்டைத் தொங்கவிடுகிறேன்.

கழிப்பறையில் ஃப்ளஷ் தண்ணீர் நிற்கிற தொட்டியின் மூடி முன்பின்னாகத் திரும்பியிருந்தது. அந்தத் தொட்டிக்கு அவர் தனிக்குழாய் போட்டிருந்தார். எல்லா வால்வையும் காட்டிக்கொடுத்த மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே தண்ணி காட்டிவிட்டார் என்று ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. ஆனால் வாழ்க்கை முழுக்கத் தொட்டி மாட்டிய ஒருவர் மூடியைத் திருப்பி வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியே வந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தண்ணியவா குடிச்சீங்க?"

"சுத்தமான தண்ணிதான். குழாய்ல வர்ற அதே தண்ணி. நான் மாட்டுனதுதான்." பிறகு என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அவகிட்ட சொல்லிடாத."

நான் அக்கா இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். முடியவில்லை.

"எவகிட்ட?" என்றேன்.

"அவகிட்டதான். நல்லவதான்க்கா. ஆனா எல்லார் பையையும் பாப்பா. அவ வேல அப்படி." என் உள்ளங்கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்கு ரொம்ப தாகமா இருக்குக்கா. அவகிட்ட கேக்கப் பயமா இருக்கு."

இருபத்தெட்டு வருஷம் ஒரே படுக்கையில் படுத்த மனிதர் என்னிடம் கேட்கப் பயந்து, கழிப்பறைத் தொட்டியில் கைவிட்டு மொண்டு குடித்திருக்கிறார். நான் அவர் அக்காவின் பையைத் திறந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். அவர் என் தலையைத் தடவி, "நீ ஏன்க்கா அழற, நான் கொஞ்சந்தான் குடிச்சேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை அனுப்பவில்லை. நான் நடந்ததை அப்படியே சொன்னேன், டாக்டரம்மா தாழ்வாரத்தில் ஒரு கட்டிலையே போடவைத்தார். உப்பு மெதுவாக ஏறியது. வேகமாக ஏற்றினாலும் மூளைக்குக் கெடுதலாம், அதனால் ராத்திரியும் பகலும் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். ஒருவழியாகக் கட்டிக்கான மருந்தும் உள்ளே போனது. முடி கொட்டியது, தாடி தானாகவே உதிர்ந்தது. இரண்டாவது தடவை மருந்து ஏற்றி வந்தபோது குறடைக் குறடு என்றார், தொலைபேசியைத் தொலைபேசி என்றார். என்னைப் பார்த்து நான் யார் என்பதும் தெரிந்தது.

"கட்டி சுருங்கியிருக்கு. அந்தச் சுரப்பும் நின்னுடுச்சு. உப்பு தானா சரியா நிக்குது" என்றார் டாக்டரம்மா. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இனிமே தலைகீழா செய்யணும். இந்த மருந்து சிறுநீரகத்தப் பதம் பாக்கும். நல்லா தண்ணி குடிக்கணும், கேக்காமயே குடுங்க. சிறுநீரகம் வாடினா அடுத்த தடவை மருந்த நிறுத்த வேண்டியதாப் போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வால்வுகளைத் திறந்தேன். சமையலறைப் பூட்டைக் கழற்றினேன். பெரிய தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் தம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"தண்ணிங்க. இனிமே எவ்வளவு வேணா குடிக்கலாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டர். உங்க முன்னாடிதான சொன்னாங்க?"

"நான் தூங்கிட்டிருந்தேன்." வாங்கி நாக்கு நுனியில் வைத்தார். முகம் சுளித்தது. "என்னமோ கலந்திருக்க."

"ஒண்ணும் கலக்கலங்க."

"இரும்பு மாதிரி இருக்கு. மாத்திரையப் பொடி பண்ணிப் போட்டிருக்க."

மருந்து ஏற்றினால் நாக்கு அப்படித்தான் ஆகும், எது குடித்தாலும் இரும்பு வாடை வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதை எடுத்துச் சொன்னேன். சூப்பின்போதும் இப்படித்தான் ஒரு காரணம் சொன்னாய் என்றார். நானே அவர் எதிரில் பாதி குடித்துக் காட்டினேன். "உனக்கென்ன, நீ குடிப்ப" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. புத்தி தெளிந்த மனிதர், நிதானமாக, என்னை நம்ப முடியாது என்று சொன்னார். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தம்ளரை எடுத்துப் போன பிறகு எவ்வளவு மிச்சம் என்று நான் பார்ப்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுநீர் கறுத்தது. பரிசோதனையில் சிறுநீரகம் வாட ஆரம்பித்திருந்தது. தண்ணீர் குடித்ததால் போக இருந்த நல்ல மாதங்கள் இப்போது குடிக்காததால் போகும் போலிருந்தது. யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. அவர் நம்புகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான், அந்த ஆளின் பையை நான் வாசலில் கவிழ்த்திருக்கிறேன். நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நான் இல்லாத நேரமாகப் பார்த்து. வந்துபோனதற்கு அடையாளமாகத் தலையணை உறை மாறியிருக்கும்.

காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அண்ணி, நீங்க வந்து தண்ணி குடுக்கணும்."

எந்திரம் நின்றது. "குடுத்தேன்னுதான துரத்தின?"

"நீங்க குடுக்கல. அவரே எடுத்துக் குடிச்சிருக்காரு. தொட்டியிலேர்ந்து. நான் உங்களச் சந்தேகப்பட்டது தப்பு."

தொட்டியில் எடுத்துக் குடித்தார் என்றதும் அவர் முகம் மாறியது. துணியை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். "தாகத்துலயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

"இப்பக் குடிக்கலாமாம். குடிச்சே ஆகணுமாம். நான் குடுத்தா குடிக்க மாட்டேங்கறாரு. வேணும்னா வாங்க, ஆஸ்பத்திரிக்கே போவோம். டாக்டர் சொல்றத உங்க காதால கேளுங்க."

"கேக்க வேணாம்." எழுந்து ஆணியிலிருந்து பையை எடுத்தார். "நீ வந்து நிக்கறதே போதும்."

பேருந்தில் வந்தோம். எங்கள் வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். ஆனால் உள்ளே போகவில்லை. செருப்புப் பலகைமேல் பையை வைத்து ஜிப்பை முழுக்க இழுத்துவிட்டார். நாடா, கத்திரி, கண்ணாடிக் கூடு, பாட்டில், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அவருக்குச் சூடும் சொரணையும் உண்டு, அதை விட்டுவிட்டு உள்ளே போக அவரால் முடியவில்லை.

"பாத்துக்கம்மா."

நான் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்து ஜிப்பை மூடினேன். பாட்டிலை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் முதலில் கண் என் பக்கம்தான் போனது. நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து பாட்டிலின் மூடியைத் திருகினார். தானும் ஒரு வாய் குடித்தார். படிக்கட்டுக்குப் போகாமல், தம்பிக்கு முன்னால் முதல் தடவையாக. பிறகு நீட்டினார்.

"குடிடா."

"அவ பாக்கறாக்கா."

"பாக்கட்டும். அவதான் என்னக் கூட்டிட்டு வந்தா."

அவர் பாட்டிலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு இருந்தார். இரும்பு வாடைதான் அடித்திருக்கும். கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. எவ்வளவு குடிக்கிறார் என்று நான் அளப்பேனா என்று பார்க்கிறார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு மிடறு சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எத்தனை என்று நான் எண்ணவில்லை.